அறுபதைக் கடந்த நாணயச் சேகரிப்பாளர்களுக்கு நியூமிஸ்டா: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

திருச்சியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் சிறிய நாணயச் சேகரிப்பாளர் வட்டத்தில் பதினோரு பேர் இருக்கிறோம். எங்களில் இளையவருக்கு வயது 58, மூத்தவருக்கு 81. எல்லோரிடமும் திறன்பேசி இருக்கிறது, எல்லோரும் வாட்ஸ்அப்பில் நாணயப் படங்களை அனுப்பிக்கொள்கிறோம். ஆனால் கணினியின் முன் உட்கார்ந்து, ஓர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, சேகரிப்பைப் பதிவு செய்யலாமே என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் பையன் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் சார்" என்ற பதில்தான் வரும். நானும் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவன்தான். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கணினி புதிதன்று. ஆனால் அலுவலகத் திரையில் பழகிய சில பக்கங்களைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. நியூமிஸ்டா என்னும் நாணயப் பட்டியல் தளத்தை ஓராண்டாக நானும், என்னைவிட ஆறு வயது மூத்த நண்பர் ஒருவரும் சேர்ந்து பயன்படுத்தி வருகிறோம். எங்கள் வயதுக்காரர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நியூமிஸ்டா 2007-இல் பிரான்சில் தொடங்கப்பட்ட தளம். உலக நாடுகளின் நாணயங்கள், தாள் பணம், பதக்கங்கள், டோக்கன்கள் என லட்சக்கணக்கான வகைகள் அதில் படத்துடன் பட்டியலிடப்பட்டுள்ளன. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பட்டியலை எழுதியவர்கள் உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களே. ஒரு நாணயத்தின் எடை தவறாக இருந்தாலோ, ஓர் ஆண்டு விடுபட்டிருந்தாலோ உறுப்பினர் எவரும் திருத்தம் அனுப்பலாம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மூத்த உறுப்பினர் சரிபார்த்து ஏற்ற பிறகே அது பட்டியலில் ஏறும். நம் கையிலுள்ள நாணயங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டால் அதுவே நமது சேகரிப்புப் பதிவேடாகிவிடுகிறது. பிறகு அதைக் கணக்குத்தாள் கோப்பாக இறக்கி அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தலைமுறைக்கு அகராதியாக இருந்தது அமெரிக்காவின் கிராஸ் நிறுவனம் வெளியிட்ட உலக நாணயப் பட்டியல். 1972-இல் முதலில் வெளிவந்த அந்தப் புத்தகம் பிற்காலத்தில் நூற்றாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. விலையும் அதிகம், நண்பர்கள் பழைய பதிப்பு ஒன்றை வாங்கிச் சுற்றில் விட்டுப் படிப்போம். அதை வெளியிட்டு வந்த நிறுவனம் 2019-இல் நொடித்துப் போனது. அந்தப் புத்தகம் ஒவ்வொரு நாணய வகைக்கும் இட்ட கேஎம் எண்களை நியூமிஸ்டா உரிய பதிவுகளில் தருகிறது என்பதால், நாற்பது ஆண்டுகளாக உறைகளின் மேல் நாங்கள் பென்சிலால் எழுதி வைத்த எண்கள் வீணாகவில்லை. நாட்டைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைத் தேடு பெட்டியில் இட்டவுடன் உரிய நாணயம் வந்து நிற்பதைக் கண்டபோதுதான் என் நண்பருக்குத் தளத்தின் மீது முதல் நம்பிக்கை பிறந்தது.

அந்த நண்பரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் கடைசல் பிரிவில் வேலை பார்த்தவர். கணினிச் சுட்டியைப் பிடித்தால் கை நடுங்கும் என்று விலகி நின்றவர். ஆனால் தளத்தில் ஒரு நாணயத்தின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுபவை எடை, விட்டம், தடிமன், உலோகம், வடிவம், முன்பக்கமும் பின்பக்கமும் எந்தக் கோணத்தில் பொருந்துகின்றன என்பன போன்ற விவரங்கள். அவற்றைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்த் தமது வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்துவிட்டார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் படிக்கப் பழகிய மனிதர் அவர். அன்று மாலை முழுவதும் நான் எண்களை உள்ளிட்டேன். அவர் அளந்து சொன்னார். மூன்றாம் வாரத்தில் அளப்பவரும் உள்ளிடுபவரும் அவரே ஆகிவிட்டார். வயதானவர்கள் கணினிக்கு அஞ்சுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் கண்ட வரையில், தமக்குத் தெரியாத கேள்விகளைக் கேட்கும் திரைக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். இந்தத் தளம் கேட்கும் கேள்விகள் அவர்கள் ஐம்பது ஆண்டுகளாக நாணயங்களிடம் கேட்டு வந்த அதே கேள்விகள்.

குடியரசு இந்திய நாணயங்களைச் சேர்ப்பவர்களுக்கு இந்த அமைப்பு மிகப் பொருத்தமானது. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா என்று பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்து பிரித்து வைப்பது எங்களுள் பலருக்கு அன்றாடப் பழக்கம். தளத்தில் ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு நாணயச்சாலையும் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. 1957 ஏப்ரல் 1 அன்று தசம முறை வந்தது முதல் 1964-இல் 'நயா' என்ற சொல் நீங்கியது வரையிலான நயா பைசா வரிசையை நான் உள்ளிட்டு முடித்தபோது, என்னிடம் இருப்பதாக நினைத்திருந்த இரண்டு காசுகள் இல்லை என்பதும், இல்லை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்த ஒன்று மூன்று பிரதிகளாக இருப்பதும் தெரிய வந்தன. டைரியில் எழுதி வைத்த பட்டியல் இதை எனக்குக் காட்டியதில்லை.

ஒவ்வொரு நாணயத்துக்கும் பூஜ்யம் முதல் நூறு வரையிலான அருமை எண் ஒன்றைத் தளம் தருகிறது. எண் கூடக் கூட நாணயம் அரிது என்று பொருள். உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த நாணயத்தைத் தம்மிடம் இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே இது கணக்கிடப்படுகிறது. இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் வெளியே நிற்பதால் ஏற்படும் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. புதுக்கோட்டையின் அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல்; நவராத்திரி நாள்களில் சமஸ்தானத்தார் அரிசியுடன் ஏழைகளுக்கு வழங்கிய காசு. புதுக்கோட்டை 1948-இல் இந்தியாவுடன் இணைந்த பிறகும் அந்தக் காசுகள் நம் பக்கத்து வீடுகளில் பூஜை அறைகளிலும் அஞ்சறைப் பெட்டிகளிலும் தங்கிவிட்டன. என் நண்பரிடம் மட்டும் 43 இருக்கின்றன. எங்கள் வட்டத்தில் எல்லோரிடமும் உள்ளதைக் கூட்டினால் சில நூறு தேறும். ஓராண்டுக்கு முன்பு வரை அவற்றில் ஒன்றுகூட எந்தப் பதிவிலும் இருந்ததில்லை. கணினியில் ஏறாத சேகரிப்பைக் கணினி எப்படி எண்ணும்? தொலைநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து நம் காசின் அருமையை அளக்கிறார். நாம் பதிவு செய்யாத வரை அவர் காண்பது அரைகுறையான கணக்கே.

எண்ணிக்கை மட்டுமன்று. கையால் அடிக்கப்பட்ட பழைய அம்மன் காசுக்கும் இயந்திரத்தில் அச்சிடப்பட்ட பிற்காலக் காசுக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவார் எங்கள் வட்டத்தின் 81 வயது உறுப்பினர். 1862 என்ற ஒரே ஆண்டைத் தாங்கிப் பல ஆண்டுகள் அச்சிடப்பட்ட விக்டோரியா ரூபாய்களில் புள்ளிகளின் இடத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து வகை பிரிப்பார். அவருடைய இந்த அறிவு எழுத்தில் ஏறவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் குரல் பதிவாகச் சொல்லும் விளக்கங்கள் இரண்டு நாளில் மேலே ஏறி மறைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தட்டச்சு செய்து, தெளிவான படத்துடன் திருத்தக் குறிப்பாக அனுப்பினால் அது ஏற்கப்பட்டு உலகத்தார் பார்வைக்கு நிலைத்து நிற்கும். தளத்தின் தலையாய பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

இனி இடர்ப்பாடுகள். தளத்தில் தமிழ் இல்லை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பயன்படுத்துகிறோம். காசு, பணம், சக்கரம் போன்ற நம் பழைய நாணயப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதிப் பார்க்க நேரும். நாட்டைத் தேர்ந்தெடுத்து, சமஸ்தானத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு படங்களைப் பார்த்துக்கொண்டே வருவது எளிதான வழி. நாணயத்தைப் படமெடுத்து அந்தப் படத்தைக் கொண்டே தேடும் வசதியும் உண்டு. தேய்ந்துபோன பழங்காசுகளைவிட நன்றாக உள்ள நவீன நாணயங்களுக்கே அது உதவும். ஆயினும் சீன, அரபு எழுத்துகளைப் படிக்க இயலாதவர்களுக்கு அது பெரிய துணை. எழுத்து சிறிதாகத் தோன்றினால் விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் முழுவதும் பெரிதாகும். இந்த ஒரு குறிப்பை எங்கள் கூட்டத்தில் சொன்ன அன்று இரண்டு பேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை கடவுச்சொல். பலருக்கு மின்னஞ்சல் முகவரி பிள்ளைகள் தொடங்கிக் கொடுத்தது. அதன் கடவுச்சொல் பிள்ளைகளுக்கும் மறந்திருக்கும். ஆகவே தளத்தில் சேர்வதற்கு முன் மின்னஞ்சலைச் சரி செய்துகொள்வது அவசியம். கடவுச்சொல்லைப் பீரோவில் வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதில் வெட்கம் ஏதும் இல்லை. பயனர் பெயராக உண்மைப் பெயரையோ, குறிப்பில் தெருப்பெயரையோ இட வேண்டாம். மதிப்புள்ள சேகரிப்பு தனியாக வாழும் முதியவரின் வீட்டில் இருக்கிறது என்பதைப் பிறர் அறியத் தேவையில்லை.

உறுப்பினர்கள் தங்களிடம் மிகுதியாக உள்ள காசுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் இத்தளத்தில் உண்டு. பரிமாற்றம் முடிந்தபின் இருவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டுக் குறிப்பு எழுதுவார்கள். அக்குறிப்புகளைப் படித்து நம்பத்தக்கவரா என்று முடிவு செய்யலாம். பள்ளி நாள்களில் பேனா நண்பர்களுடன் தபால்தலை மாற்றிக்கொண்ட எங்கள் தலைமுறைக்கு இது அறிமுகமான மகிழ்ச்சிதான். ஆனால் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இன்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்புவது குற்றம். அம்மன் காசையும், விக்டோரியா அணாவையும், திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரத்தையும் அன்பின் பேரில்கூட வெளிநாட்டு நண்பருக்கு அஞ்சலில் அனுப்பக்கூடாது. நவீன நாணயங்களை அனுப்புவதானாலும், நாணயங்களுக்கான அஞ்சல் விதிகளைத் தபால் நிலையத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டு உறுப்பினர்களுடன் மட்டும் மாற்றிக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

நாணயங்களின் தோராய விலையும் தளத்தில் காட்டப்படுகிறது. அதை விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றாலும், முதியவர்களுக்கு அது ஒரு காப்பு. எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடம் சென்ற ஆண்டு தொலைபேசியில் ஒருவர் பேசி, அவரிடமுள்ள சாதாரண ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாகச் சொல்லி, முன்பணமாக ஆறாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு மறைந்துவிட்டார். பணத்தை இழந்தவர் அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் மனத்துக்குள் வைத்திருந்தார். பழைய நாணயங்களை வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. அந்த ஐந்து ரூபாயின் பக்கத்தைத் திறந்து, எத்தனையோ பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்திருந்தால் அவர் பணம் மிஞ்சியிருக்கும். இத்தகைய இழப்பு நேர்ந்தால் தயங்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

தொடங்க விரும்புவோருக்குத் தேவையானவை அதிகமில்லை. திறன்பேசியிலும் தளம் இயங்கும்; எனினும் உள்ளிடும் வேலைக்குப் பெரிய திரையே கண்ணுக்கு இதம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின் தராசு ஒன்றும், வெர்னியர் ஒன்றும், ஜன்னலோரத்து வெளிச்சமும் போதும். முதல் நாளிலேயே முழுச் சேகரிப்பையும் ஏற்ற முயல வேண்டாம். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஓர் உறையிலிருந்து பத்துக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேரப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாணயம் அறிந்த நண்பராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் கணினி தெரிந்த பிள்ளைகள் நம் கையிலிருந்து சுட்டியை வாங்கி வேகமாக முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் நண்பர் கற்றது நான் வேகமாக இல்லாததால்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய 43 அம்மன் காசுகளும் இப்போது பதிவில் ஏறிவிட்டன. இரும்புப் பெட்டியில் இன்னும் ஒன்பது உறைகள் பாக்கி. வரும் ஞாயிறு திருவிதாங்கூர் சக்கரங்களை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியவை என்பதால், அவற்றை எண்ணுவதற்கென்று அக்காலத்தில் குழி போட்டுச் செய்த சக்கரப் பலகையையும் எடுத்து வருகிறார்.