வல்லெசிட்டோ: பாலைவனத்து அஞ்சல் வண்டி நிலையம்

கலிபோர்னியாவில் சான் டியேகோ மாவட்ட நிர்வாகம் பூங்காவாகப் பராமரிக்கும் வல்லெசிட்டோ நிலையம், அமெரிக்கத் தென்மேற்கின் வரலாற்றில் ஈடுபாடுள்ளோர் தவறவிடக் கூடாத இடம். 1852-இல் எழுந்த மூலக் கட்டடம் சிதைந்துவிட்டதால் இன்று நாம் காண்பது 1934-இல் மீண்டும் கட்டப்பட்டதே. ஆயினும், பக்கத்துச் சதுப்பு நிலத்தில் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வெயிலைத் தடுத்த அன்றைய கட்டுமான முறையை அந்தத் தடித்த சுவர்களின் அருகில் நின்றால் நன்கு உணரலாம்.

1858 முதல் 1861 வரை, ஏறத்தாழ 2,800 மைல் தொலைவை 25 நாட்களில் கடக்க வேண்டிய பட்டர்ஃபீல்ட் நிறுவனத்தின், விலங்குகள் இழுத்த அஞ்சல் வண்டிகள் வாரம் இருமுறை இவ்வழியே சென்றன. வறண்ட பாலையைக் கடந்து வந்த மனிதருக்கும் விலங்குகளுக்கும் இங்கே தண்ணீரும் புல்லும் கிடைத்தன. குடும்பத்துடன் குடியேறி இந்நிலையத்தை நடத்திய ஜேம்ஸ் லாசேட்டரைப் போன்றவர்களின் உழைப்பின்றி அப்பயணம் நடந்திருக்காது. பலரும் இங்கு உலவுவதாகச் சொல்லப்படும் வெள்ளுடைப் பெண்ணின் ஆவிக்கதையையே விரும்பிக் கேட்கிறார்கள். என் மனமோ இந்நிலையத்தை நடத்தியவர்களின் அன்றாட வாழ்விலேயே நிலைக்கிறது.

கூடாரமிட்டுத் தங்கும் வசதி உண்டு. கடும் கோடை மாதங்களில் பூங்கா மூடப்படுவதால் குளிர்காலத்தில் செல்வதே உகந்தது.