ஆறில் ஒன்று அடம்பிடித்தது: புதிய ரிவால்வருடன் 14 மாதங்கள்

வாங்கிய மூன்றாம் நாளே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாக இருந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகு, நான்கு அங்குலக் குழல், .357 மேக்னம் தோட்டாவுக்கான ஆறு அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டர், கையில் எடுத்ததும் நம்பிக்கை தரும் கனம். நல்ல வேளை, எழுதவில்லை. இந்த 14 மாதங்களில் பயிற்சித் தளத்தில் ஏறத்தாழ 2,300 தோட்டாக்களை இதில் சுட்டிருக்கிறேன்.

பிஸ்டல் சிக்கும், ரிவால்வர் சிக்காது என்பார்கள். பாதிதான் உண்மை. பிஸ்டலில் தோட்டா சிக்கினால் மேல்பகுதியை இழுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரிவால்வர் எளிதில் சிக்காது. சிக்கிவிட்டால் திருப்புளியைத் தேட வேண்டியதுதான்.

முதல் 200 தோட்டாக்கள் வரை குறை எதுவும் என் கண்ணில் படவில்லை. பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்தவர்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, ஈயத்துகள் கன்னத்தில் தெறிப்பதாகச் சொன்னார். வெடிமருந்துக் கசடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னதுதான் சரி. வீட்டுக்கு வந்து, தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, சுத்தியைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். சுத்தி முழுதாகப் பின்வாங்கி நிற்பதற்குள், அடியிலிருந்து எழும் பூட்டு சிலிண்டரின் காடியில் ‘டிக்’கென்று விழுந்துவிட வேண்டும். அப்போதுதான் அறை குழலுக்கு நேராக நிற்கும். ஐந்து அறைகளில் அப்படியே விழுந்தது. நான்காவது அறையில் சுத்தி நின்ற பிறகும் சிலிண்டர் மயிரிழை பின்தங்கி நின்றது. விரலால் தொட்டால்தான் பூட்டு விழுந்தது.

வேகமாகச் சுடும்போது சிலிண்டர் தன் உந்துதலிலேயே சுழன்று காடியில் விழுந்துவிடும். குறை ஒளிந்துகொள்வது அதனால்தான். நிதானமாகக் குறிபார்த்துச் சுடும்போது அந்த அறையின் குண்டு குழலின் பின்வாயில் உரசி, ஓரத்து ஈயத்தைச் சீவிவிட்டிருக்கிறது. நான்காம் அறைக்கு நேரே மையால் ஒரு புள்ளி வைத்து, தயாரித்தவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். ஏழு வாரங்கள் காத்திருப்பு. சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் சிறு நெம்பை மாற்றி, சற்றுத் தடித்த ஒன்றைப் பொருத்தித் தந்தார்கள். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆலையை விட்டு வெளியே வருமுன் யாராவது ஆறு முறை சுத்தியை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சுமார் 900 தோட்டாக்களில் இன்னொன்று: வெற்று உறைகளை வெளியே தள்ளும் தண்டு, திருகு கழன்று முன்னே நீண்டுவிட்டது. சிலிண்டர் திறக்கவே மறுத்தது. இறுக்கி, கழலாமல் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு விட்டேன். அதோடு சரி.

தோட்டாவின் அடியில் சுத்தியின் அடிபட்டு வெடிக்கும் பிரைமர், வெடிக்காமல் ஏமாற்றியது மூன்றே முறை. மூன்றுக்கும் பழி என்மேல்தான். விசை இலகுவாகட்டும் என்று கைப்பிடிக்குள் இருக்கும் பட்டைவில்லை அழுத்தும் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தியிருந்தேன்; சுத்தியின் அடி பலமிழந்துவிட்டது. பழையபடி முடுக்கியதும் ஒன்றுகூடத் தவறவில்லை. நாளடைவில் விசை தானாகவே மழமழப்பாகிவிட்டது.

குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியைப் புதிதில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துப் பார்த்தபோது 0.15 மி.மீ.; இன்றும் அதுவே. இடைவெளி மேலும் குறுகினால் சூட்டிலும் கசடிலும் சிலிண்டர் உராயும். அகன்றால் வாயு வீணாகும். அந்த இடுக்கிலிருந்து பீறிடும் வாயு சதையையும் கிழிக்கும் என்பதால் இடக்கை விரல்களை அங்கே கொண்டுபோகவே கூடாது. மேல் சட்டகத்தின் அடியில் தீ அரித்த மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கிறது. ஓரளவு ஆழத்துக்குமேல் அது வளராது என்பதால் கவலைப்படவில்லை.

செலவு குறைவென்று பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களையே சுடுகிறேன். அதன் உறை மேக்னத்தைவிட ஏறத்தாழ 3.4 மி.மீ. குட்டை. அந்த வித்தியாச இடத்தில் கரி வளையமாகப் படிந்துவிடுவதால், பிறகு மேக்னம் தோட்டாவை இட்டால் முழுதாக உள்ளே இறங்காது. துப்பாக்கியைத் திட்டிப் பயனில்லை; அறைகளைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியிலும் பார்க்க வேண்டும். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று அங்கே சிக்கினாலும் சிலிண்டர் இறுகிவிடும்.

குறி தவறுவதெல்லாம் என் கையால்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை ஆறு அறைகளையும் மெதுவாக இழுத்துப் பார்க்கிறேன். நான்காம் அறைக்கு வைத்த மைப்புள்ளி அழிந்துவிட்டது. அடுத்த முறை துடைத்து முடித்ததும் மறுபடி வைக்க வேண்டும்.