மகளுக்குக் கணிதக் கல்லூரி தேடியவனின் மதிப்பீடு

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். விரலி மஞ்சள் வாங்கும்போது மூட்டையின் மேல் எழுதியிருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை. ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்போம். 2022இல் மகள், கணிதம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். கல்லூரியை எங்கே பிடித்து ஒடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பங்காளி வீட்டில், "கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையை இன்ஜினியரிங்கில் போடாமல்..." என்று ஆரம்பித்து முடிக்காமலே விட்டார்கள். அவள் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஓர் ஆசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஆகாது, கண்ணு" என்றாராம்.

பட்டியலில் மூன்று இருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை அவளே முதலில் அடித்து நீக்கினாள். அங்கே நான்காண்டுப் படிப்பு; முதல் ஆண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். இவளோ, ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் மற்றப் பாடங்களில் தேறாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த கதையை எடுத்து என் வாயை அடைத்தாள்.

மீதி இரண்டு: பெங்களூரு மைசூர் சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்பு, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். இரண்டும் சொந்தமாக நுழைவுத்தேர்வு நடத்துபவை. பழைய வினாத்தாள்களை அச்செடுத்துக் கொடுத்தபோதுதான் எனக்கு ஒடிக்கும் இடம் புரிந்தது. விடையைக் குறித்தால் மட்டும் போதாது, ஏன் என்று எழுத வேண்டும். அந்த வகைக் கணக்கு ஒன்றை எனக்கும் கொடுத்தாள்: ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணின் நான்காம் அடுக்கோடும் 4 கூட்டினால் பகா எண் வராது என்று நிறுவ வேண்டும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 2க்கு 20, 3க்கு 85, 4க்கு 260. 5க்கு 629 வந்தது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். "பதினேழு முப்பத்தேழு, அப்பா" என்றாள். "நீங்கள் ஆயிரம் எண் போட்டாலும் நிரூபணம் ஆகாது" என்று சொல்லி, இரண்டு வரியில் அதைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டினாள். இப்படி ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவது பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் இந்த இரண்டு இடங்களையும் யோசியுங்கள். எரிச்சலாக இருந்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

இரண்டிலும் இடம் கிடைத்தது. என் மனம் பெங்களூருப் பக்கம்தான் சாய்ந்தது. கல்விக் கட்டணம் கிடையாது. அப்போது மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை வேறு. படிப்புச் சரிந்தால் அதுவும் சரியும் என்ற நிபந்தனை எனக்கு இன்னும் பிடித்திருந்தது. சிறுசேரியில் கட்டணம் உண்டு, சலுகையும் உண்டு; யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்கத் தயங்கி ஒரு வாரம் தூக்கத்தை இழந்தேன்.

அம்மிணி பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பெங்களூரில் கணிதத்தோடு நிகழ்தகவு, புள்ளியியல், கொஞ்சம் இயற்பியல். சிறுசேரியில் பட்டத்தின் பெயரிலேயே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்திருக்கின்றன. 1989இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சி.எஸ். சேஷாத்ரி பெரிய கணிதவியலாளர். கர்நாடக சங்கீதமும் பாடக்கூடியவராக இருந்தார் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். முடிவு எடுத்துவிட்டாள் என்று அப்போதே தெரிந்தது.

சேர்ந்தாள், 2025இல் முடித்தாள். எனக்குக் குறையென்றால் தூரம்தான். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல். அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பெட்டி ஒன்றுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.