சக்கரமா, அஸ்திவாரமா, ஒற்றையறை ஃப்ளாட்டா?

குட்டி வீட்டு ஆசை வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, வருஷத்துக்கு எத்தனை தடவை இடம் மாறப் போகிறீர்கள் என்றுதான். 400 சதுர அடிக்குள் வாழ மூன்று வழிகள் உண்டு: ட்ரெய்லர் மேல் கட்டிய வீடு, அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீடு, அப்புறம் யாரும் படம் எடுத்துப் போடாத சாதாரண ஒற்றையறை ஃப்ளாட். பரப்பளவில் பெரிய வித்தியாசம் இல்லை. தொல்லைகளில் நிறைய உண்டு.

சக்கர வீட்டின் அளவைச் சாலை விதிதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துச் செல்ல அகலம் 8.5 அடியைத் தாண்டக் கூடாது. உயரம் பல மாநிலங்களில் 13.5 அடி. ட்ரெய்லர் தளத்துக்கு 2 அடி, தரைக்கும் கூரைக்குமாக 1 அடி போனால் உள்ளே பத்தரை அடி மிஞ்சும். கீழே நிமிர்ந்து நின்று சமைக்க ஆறரை அடி, பரண் பலகைக்கு அரை அடி. மிச்சம் மூன்றரை அடியில்தான் படுக்கை. விரிப்பை முட்டி போட்டுத்தான் மாற்ற வேண்டும், நள்ளிரவில் ஏணி இறங்கித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். முழங்கால் நன்றாக இருக்கும்வரை இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அஸ்திவார வீட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே பரப்பை 12 அடி அகலத்தில் போட்டால் கட்டில் கீழேயே வந்துவிடும். ஆனால் நிலம் வேண்டும், அனுமதியும் வேண்டும். அமெரிக்க மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின் 2018 பதிப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு. ஆனாலும் உள்ளூர் நிர்வாகம் ஏற்றால்தான் அது செல்லும். சக்கர வீட்டுக்காரர் பாடு இன்னும் திண்டாட்டம். பல இடங்களில் அது வண்டிக் கணக்கில் சேர்வதால் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது, வீட்டுக் கடனும் லேசில் கிடைக்காது.

இடநெருக்கடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய எதிரி ஈரம். இரண்டு பேர் தூங்கி எழுந்தால் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். 1 கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. பெரிய வீட்டில் அது எங்கெங்கோ பரவிவிடும். இங்கே போக்கிடம் ஏது? குளிர்நாளில் ஜன்னல் கண்ணாடியில் வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் கஷ்டப்பட்டுச் சேர்த்த சூடு போய்விடும். உள்ளே வரும் காற்றை வெளியேறும் காற்றின் சூட்டைக் கொண்டே சூடாக்கும் கருவி இருக்கிறது. வாங்கும் செலவு, வைக்கும் இடம் இரண்டையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். சக்கர வீட்டுக்கு ஆறு பக்கமும் வெளிக்காற்று படுவதால் அங்கே நிலைமை மோசம். சுவருக்குள் சூட்டைக் காக்கும் இன்சுலேஷனைக் கனமாக்கலாம் என்றால் உள் அகலம் ஏற்கெனவே ஏழரை அடிதான். ஃப்ளாட்டுக்காரர் பாதிச் சுவர்களை அக்கம்பக்கத்தாரோடு பகிர்வதால் அவர்கள் சூட்டில் இவருக்கும் பங்கு.

கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில், மலத்தை மட்கவைத்துச் சிறுநீரைத் தனிக் கலனில் பிடிக்கும் உரமாக்கும் கழிப்பறைதான். இரண்டு பேர் இருந்தால் சிறுநீர்க் கலனை ஒருநாள் விட்டு ஒருநாளாவது காலி செய்ய வேண்டும். எங்கே கொட்டுவது என்பதற்கும் சட்டம் உண்டு. ஃப்ளாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

வேலை நிமித்தமாக அடிக்கடி ஊர் மாறுபவருக்கு, இழுக்கத் தெம்புள்ள வண்டியும் இருந்தால், சக்கர வீடு சரி. சொந்த நிலம் உள்ளவர் அஸ்திவாரம் போடட்டும். மற்றவர்களுக்கு நான் ஃப்ளாட்டைத்தான் சொல்வேன், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து. இல்லை, எனக்குச் சக்கரம்தான் என்றால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அடைமழை நாட்களில். துவைத்த துணியை உள்ளேயே காயப் போடுங்கள்.