ஒன்றரை வருட ஸ்விங்: காலுக்கு ஒரு மாதம், கைக்கு ஒரு வருடம்

லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு பழைய சர்ச் ஹால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே ஸ்விங் நடன வகுப்பு. ஒன்றரை வருடமாகப் போகிறேன். வயது 43. அதற்கு முன் நான் ஆடியது ஹாஸ்டல் டே மேடையில் ஒரே ஒரு முறை, அதுவும் மூன்றாவது வரிசையில். 'நாங்களும் சேரலாமா?' என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்விங் என்பது ஜோடியாக ஆடும் நடனங்களின் ஒரு குடும்பம். லிண்டி ஹாப், ஜைவ், ராக் அண்ட் ரோல் எல்லாம் அதில் சேர்த்தி. மூத்தது லிண்டி. 1920களின் கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது. அங்கே லெனாக்ஸ் அவென்யூவில் 1926இல் திறந்த சவோய் பால்ரூம்தான் அதன் தாய்வீடு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆட முடிந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களோடு அது பிரிட்டனுக்கு வந்தது, இங்கே ஜைவ் ஆனது, ஐம்பதுகளில் ராக் அண்ட் ரோல் பாட்டுகளோடு ஒட்டிக்கொண்டது.

நான் சேர்ந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "தூக்கிப் போடுவாங்களா?" 1941இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் நடனத் துண்டை யூடியூபில் பார்த்திருக்கிறார். அதில் பெண்கள் பந்து மாதிரி பறப்பார்கள். சவோயின் நட்சத்திரம் ஃப்ராங்கி மேனிங் 1935இல் தொடங்கிவைத்த வித்தை அது. அவர் பிற்பாடு 30 வருடத்துக்கு மேல் தபால் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1980களில் மறுபடி கற்றுத்தர வந்தார் என்பது தனிக் கதை. பாடம் இல்லாமல் எல்லாரும் கூடி ஆடும் சாதாரண ஆட்ட இரவுகளில் யாரும் யாரையும் தூக்குவதில்லை. பக்கத்தில் ஆடுபவர் மண்டை உடையும் என்பதால் தடை.

முதலில் வருவது ஆறு எண்ணிக்கை அடவு. ஒரு காலைப் பின்னால் வைத்து மறுபடி முன்காலுக்கு வருவது இரண்டு எண்ணிக்கை, இதுதான் ராக் ஸ்டெப். பக்கவாட்டில் பொடிப்பொடியாக மூன்று அடி இரண்டு எண்ணிக்கைக்குள், இது ட்ரிபிள் ஸ்டெப். மறுபக்கமும் அதே. நிமிடத்துக்கு 130 தாளத் தட்டு ஓடும் பாட்டுக்கு நாலாவது வாரத்திலேயே கால் பழகிவிட்டது.

காது பழகத்தான் நாளானது. சின்ன வயதில் தொடையில் ஆதி தாளம் போட்டு வளர்ந்தவள் நான். எட்டில் முதல் தட்டு கனமாக விழ வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. ஸ்விங்கில் கைதட்டு இரண்டிலும் நாலிலும் விழுகிறது. ஹால் முழுக்க ஒரு பக்கம் தட்ட, நான் மட்டும் எதிர்ப்பக்கம் தட்டிக்கொண்டு நிற்பேன். ஆனால் வேறொரு இடத்தில் அதே தாளக் கணக்கு கைகொடுத்தது. பாட்டு எட்டு எட்டாகப் போகும்போது அடவு ஆறு ஆறாகப் போனால் எல்லாருக்கும் குழப்பம். நாலு ஆறும் மூன்று எட்டும் 24இல் சேர்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு கோர்வை மாதிரி ஓடியது.

செருப்பு விஷயத்தில் ஏமாந்தேன். ஜிம்முக்குப் போடும் ரப்பர் அடி ஷூவிலேயே இரண்டு மாதம் ஆடினேன். திரும்பும்போது பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ள, முழங்கால் மட்டும் திரும்பியது. மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று வகுப்பு நடத்தியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இப்போது பழைய கான்வாஸ் ஷூவின் அடியில் மெல்லிய ஸ்வேட் தோல் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது, அவ்வப்போது கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். புள்ளி போட்ட ஐம்பதுகள் பாணி கவுன் ஒன்றும் வாங்கினேன். வியர்வையில் நனைந்தால் துணி முதுகோடு ஒட்டுகிறது. பருத்திச் சட்டையே போதும்.

இனி கை. நான் ஃபாலோ, அதாவது எதிரே ஆடுபவர் கையால் சொல்வதைக் கேட்டு ஆட வேண்டியவள். ஆறு மாதம் வரை நான் எதையும் கேட்கவில்லை. வகுப்பில் பழகிய வரிசை மனப்பாடம் என்பதால், அவர் கையை உயர்த்துமுன்பே முந்திரிக்கொட்டை மாதிரி சுற்றிவிடுவேன். எழுபது தாண்டிய ஒரு பெரியவர், அறுபதுகளிலிருந்து ஜைவ் ஆடுகிறவர், ஒரு நாள் பாட்டின் நடுவில் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். "நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லையே அம்மா" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொன்னார். இரண்டே நிமிடம். அவர் விரல்கள் என் விரல்களில் கொக்கி மாதிரி லேசாகத் தொங்கின. கட்டைவிரல் எதையும் அழுத்தவில்லை. அவர் உடம்பு பின்னால் சாய்வது தோள் வழியாக என் முதுகுக்கு வந்து சேர்ந்ததை அன்றுதான் முதல் முறையாக உணர்ந்தேன். அன்று சுற்றே வரவில்லை. நானாகச் சுற்றவுமில்லை.

இதற்கு வகுப்பு மட்டும் போதாது. அடுத்த நிலை வகுப்புக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். எனக்கு வகுப்பு 12 பவுண்டு, ஆட்ட இரவு 10. இரண்டாவதில்தான் நிறையக் கற்றேன். ஒரு இரவில் பதினைந்து பேரோடு ஆடலாம், பதினைந்து கையும் பதினைந்து விதம். யாரும் யாரையும் கூப்பிடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கையை முறுக்குகிறவர்களுக்கு நான் வேண்டாம் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அம்மா போனில், "யாரோடடி ஆடறே?" என்றாள். "எல்லாரோடயும்தாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கால் வலிக்குமே, தைலம் இருக்கா?" என்றாள்.

200ஐத் தாண்டும் வேகப் பாட்டு வந்தால் இன்றும் தண்ணீர் குடிக்க ஒதுங்கிவிடுகிறேன். போன மாதம் லீட் பக்கம், அதாவது கையால் சொல்கிறவர் பக்கம், கற்க ஆரம்பித்தேன். மறுபடி ஒன்று, இரண்டு என்று வாயில் முணுமுணுப்பு. அந்தப் பெரியவரே ஃபாலோவாக வந்து நின்றார். முதல் ராக் ஸ்டெப்பிலேயே அவர் காலை மிதித்தேன்.