மூணு தடவை தெற்கே போய்ட்டு வந்தாச்சு, இந்த டெப்த் மீட்டரோட மட்டும் ஒத்துப்போகல

போன வாரம்தான் படகை ரிப்பேர் யார்டுல இருந்து இறக்குனோம், அடியில இருந்து தண்ணி ஆழத்தை அளந்து மேல மீட்டருக்குச் சொல்ற டெப்த் சென்சாரை மாத்தி புதுசு போட்டாச்சு, பில்லு வந்த சூட்டுல எழுதுறேன். ஒரு ஃப்ரெண்ட் வேற கேட்டுட்டே இருக்கா, தெரிஞ்சவர் ஒருத்தர் படகு விலையைக் குறைச்சுட்டார், வாங்கி அதுலயே குடியிருந்து உங்கள மாதிரி வர்ஜீனியா நார்ஃபோக்ல இருந்து ஃப்ளோரிடாவுக்கு இன்ட்ராகோஸ்டல் (அமெரிக்க கிழக்குக் கரையை ஒட்டி ஆறு, கால்வாய்னு உள்ளுக்குள்ளயே போற படகு வழி) வழியா போலாமான்னு.

படகைப் பத்தி குறை சொன்னா நாக்கு அழுகிடும். 36 அடி, நாலாவது கைக்கு வந்த பழைய பாய்ப்படகு, ரெண்டு பேருக்கு தாராளம். பாய்மரம் 52 அடி, வழியில பெரும்பாலான நிலைப்பாலம் 65 அடி உயரம்ங்கறதால கவலை இல்ல. மயாமில ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56, எங்க ஆன்டெனாவையும் சேத்தா 55, அதுக்கடியில போறப்ப மட்டும் வயித்துல புளி கரைக்கும். டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய்த் தண்ணி டிகாஷன் கலர்ல இருக்கும், படகு மூக்குல பழுப்பு மீசை வரைஞ்சு விட்டுடும், எலுமிச்சம்பழம் தேய்ச்சா போயிடும். சவுத் கரோலினால வாக்கமா ஆத்துல நங்கூரம் போட்டுட்டு காலைல எந்திரிச்சா தண்ணிக்குள்ளயே நிக்கிற சைப்ரஸ் மரம், மேல தொங்குற பாசி, பனி... சரி அதெல்லாம் போட்டோல பாத்துக்கோங்க.

இந்த டெப்த் மீட்டர்தான் பிரச்சனை. பிரச்சனைன்னு சொல்றதும் நியாயம் இல்ல, அது வேலையை அது ஒழுங்காத்தான் செய்யுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, எங்க கீல், அதான் படகுக்கு அடியில துடுப்பு மாதிரி நீட்டிட்டிருக்கிற பாகம், தண்ணிக்குள்ள 5 அடி, சென்சார் கீலுக்கு ஒரு 4 அடி முன்னாடி இருக்கு, 6 நாட் ஸ்பீட்ல போனா செகண்டுக்கு 10 அடி நகர்றோம். அது நேர் கீழ மட்டும்தான் பாக்கும், எதிர்ல என்ன இருக்குன்னு தெரியாது. அப்ப திடீர்னு ஒரு சேத்துமேடு வந்தா எனக்குக் கிடைக்கிற எச்சரிக்கை அரை செகண்ட் கூட இல்ல. தரை தட்டப்போகுதுன்னு சொல்ற மெஷின் இல்ல இது, தட்டிடுச்சுன்னு ஊருக்கு அறிவிக்கிற மெஷின்.

இன்னொன்னு, அந்த ஆஃப்செட். நம்பர் எங்கிருந்து எண்ணணும்னு நாமளே செட் பண்ணலாம். எனக்கு தண்ணி மட்டத்துல இருந்து வேணும், ஏன்னா கடல் வரைபடத்துல போட்டிருக்கிறது தண்ணி வத்துன நேரத்து ஆழம், அதோட இப்ப எவ்ளோ ஏறியிருக்குன்னு கூட்டி ஸ்கிரீனோட ஒப்பிட்டுப் பாத்தாதான் எனக்கு நிம்மதி. எங்க வீட்டுக்காரர் இவருக்கு கீலுக்கு அடியில இருந்து வேணுமாம், 0ன்னா தட்டும், அவ்ளோதான், எதுக்கு கணக்குன்றார். ரெண்டுமே சரிதான். ஆனா ஒரே படகுல ரெண்டும் சரியா இருக்க முடியாதில்ல?

போன நவம்பர், ஜார்ஜியா. அங்க தண்ணி ஏறி இறங்குறதே 7, 8 அடி, அதுவும் லிட்டில் மட் ரிவர்னு ஒரு இடம், பேர்லயே சேறு இருக்கு. தண்ணி முழுசா வத்த இன்னும் ஒரு மணி நேரம், அந்த நேரத்துல உள்ள நுழைஞ்சதே தப்பு, ஒத்துக்கறேன். இவர் ராத்திரி சரியா தூங்கலன்னு கீழ போய் படுத்துட்டார், சுக்கான் என் கையில. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஆஃப்செட்டை அவர் இஷ்டத்துக்கு மாத்தி வெச்சிருக்கார், ஸ்கிரீன்ல 7க்குக் கீழ போனா கத்துற மாதிரி நான் வெச்ச அலாரத்தை அப்படியே விட்டுட்டார், சொல்லவும் இல்ல. ஆத்துக்கு முன்னாடி வர்ற டோபாய் சவுண்ட்ங்கற அகலமான கடல் கழியில ஆழம் நிறைய, அதனால ஒண்ணும் தெரியல. ஆத்துக்குள்ள திரும்புனதும் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது, பாத்தா ஸ்கிரீன்ல 4. கீலே 5 அடி, தண்ணி 4 அடியான்னு கை காலெல்லாம் ஆடிப்போய் சுக்கானை ஒரே வெட்டு வெட்டுனேன், படகு போற ஆழமான பாதையை விட்டு வெளிய போய் மெத்துனு உக்காந்துடுச்சு படகு. ஸ்கிரீன்ல 0. அப்பதான் மண்டையில உறைச்சுது, அந்த 4 கீலுக்கு அடியில, மொத்தம் 9 அடி தண்ணியில நல்லாத்தான் போய்ட்டிருந்திருக்கேன், நானா ஓட்டிட்டுப் போய் சேத்துல சொருகியிருக்கேன்.

ரெண்டு மணி நேரம் கோணலா உக்காந்திருந்தோம், தண்ணி ஏறுனதும் தானா மிதந்துடுச்சு, சேதாரம் ஒண்ணும் இல்ல. அந்த ரெண்டு மணி நேரம் நாங்க பேசிக்கிட்டத எழுத முடியாது.

யார்டுல பாத்தா பழைய சென்சார் மேல ஒரே பார்னக்கிள், படகு அடியில ஒட்டிக்கிற ஓட்டுப்பூச்சி, பாவம் அதை வெச்சுக்கிட்டே இத்தனை நாள் சரியா காட்டியிருக்கு. புதுசும் நல்லா வேலை செய்யுது. அந்த ஃப்ரெண்டுக்கு என் பதில், வாங்காத. படகு பிரமாதம், ரூட்டு பிரமாதம், இந்த அக்டோபர் கடைசில நாங்க மறுபடியும் கிளம்புறோம், ஆனா நீ வாங்காத.

மீட்டர் பக்கத்துல ஒரு டேப் ஒட்டி 'தண்ணி மட்டம், கை வெக்காதே'ன்னு எழுதி வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலைல பாக்குறேன், டேப்பைக் காணோம்.