புதிய வெப் தொழில்நுட்பங்களோடு ஒரு வருடம்: கிளிநொச்சியிலிருந்து

பிஎச்பி, வேர்ட்பிரஸ், ஜேக்வெரி. கிளிநொச்சியில் இருந்துகொண்டு கடைகளுக்கும் கோயில்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்க இந்த மூன்றும் பல வருடம் போதுமாக இருந்தன. 2025 தொடங்கும்போது கொழும்பிலிருந்து வரும் வேலை எல்லாம் “ரியாக்ட் தெரியுமா?” என்ற கேள்வியோடுதான் வந்தது. சரி, ஒரு வருடம் இதையும் பழகிப் பார்ப்போம் என்று இறங்கினேன். பக்கங்களைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ரியாக்ட், ஸ்வெல்ட், உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மேலே வகைச் சோதனை சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட், எழுதும் கோடை உடனே ஓட்டிக் காட்டும் வீட், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் புதிய வசதிகள், அதையே ஆயத்தமாகத் தரும் டெயில்விண்ட், இணைப்பு இல்லாமலும் ஓடும் வெப் ஆப் என்று கை வைத்தவை பல. முதலே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அதிகம் உழைத்தவை உலாவிக்குள் ஏற்கனவே கிடந்த சாமான்கள்தான். ரியாக்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குகளுக்கு (ஆயத்தக் கோட் கட்டமைப்புகளுக்கு) இரண்டாம் இடம்.

ரியாக்ட்டை பேஸ்புக் 2013 இல் வெளியிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது 19 ஆம் பதிப்பு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய வீடியோப் பாடம் முதல் வேலையாக, புது ரியாக்ட் புரொஜெக்ட் தொடங்கித் தரும் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியை நிறுவச் சொன்னது. 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டுவிட்டது. டெயில்விண்ட்டின் 4 ஆம் பதிப்பு அதே வருட ஜனவரியில் வந்து, அமைப்புகளை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து சிஎஸ்எஸ்ஸுக்குள் கொண்டுபோனது. ஸ்வெல்ட்டின் 5 ஆம் பதிப்பு 2024 ஒக்டோபரில் எழுதும் முறையையே மாற்றியிருந்தது. ஏஐயிடம் கேட்டபோது அது பழைய ஸ்வெல்ட் 4 பாணியிலேயே அடித்துத் தந்தது. புதியவற்றைப் படிப்பதைவிட, படிப்பது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கே பாதி நேரம் போனது. மூன்று மாதத்துக்குப் பிறகு வீடியோவை விட்டுவிட்டு அதிகாரபூர்வ ஆவணங்களுக்கு மாறினேன். டேட்டாவும் மிச்சம். டெவ்டாக்ஸ் என்ற இலவசத் தளத்தில் வேண்டிய ஆவணங்களை ஒருமுறை இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். இந்தப் பக்கத்தில் படிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

டேட்டா பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. ரியாக்ட் புரொஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால், வெளியிலிருந்து இறக்கும் பொதிகள் (பிறர் எழுதி வைத்த கோட்) சேரும் ‘நோட் மொடியூல்ஸ்’ கோப்புறை நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு ஊதிவிடும். இரவு டேட்டாவில் அலாரம் வைத்து எழும்பி இன்ஸ்டோல் செய்த நாட்கள் உண்டு. பொதிகளை இறக்கித் தரும் பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறிய பிறகு சுமை குறைந்தது. அது ஒவ்வொரு பொதியையும் கணினியில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, புரொஜெக்ட்டுகளுக்கு இணைப்பு மட்டும் போடுகிறது. அதே பதிப்பை மறுபடி இறக்க வேண்டியதில்லை, வட்டிலும் இடம் மிச்சம். வீட் இன்னொரு நல்ல சாமான். பழைய மடிக்கணினியிலும் உடனே எழும்புகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கும் மடிக்கணினியில் சார்ஜ் இருந்த வரைக்கும் வேலை ஓடியது. உலாவிக்குள்ளேயே கோட் எழுத வைக்கும் ஒன்லைன் சேவைகளை நம்பியிருந்தால் அன்றைக்குக் குரங்கோடு சேர்ந்து நானும் சும்மா இருந்திருப்பேன்.

இனி முக்கியமான விசயம். எங்கள் ஊர் அண்ணை ஒருவர் நெல் வெட்டும் மெஷின் வைத்திருக்கிறார். யாருக்கு எத்தனை ஏக்கர், எவ்வளவு காசு, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரு கொப்பியில். மெஷினுக்குப் பாதிக் காசு போட்ட அவரின் தம்பி கனடாவில் இருக்கிறார். அவருக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். இதை ஒரு வெப் ஆப்பாகச் செய்யலாம் என்றேன். “தம்பி, கொப்பிக்குச் சார்ஜ் இறங்காது, கவரேஜும் தேவையில்லை” என்றார் அண்ணை. நியாயமான பேச்சு. அக்கராயன் தாண்டி உள்ளுக்குள் வயலுக்குப் போனால் போனில் சிக்னல் கோடே வராத இடங்கள் இருக்கின்றன. ஆப் கொப்பி மாதிரியே இருக்க வேண்டும் என்பது அப்போதே முடிவானது.

அதற்குத் தேவைப்பட்டவை இரண்டு: சர்வீஸ் வேர்க்கர், இன்டெக்ஸ்ட் டிபி. இரண்டும் உலாவியோடு வருபவை, எதையும் இறக்கத் தேவையில்லை. முதலாவது, ஒருமுறை திறந்த ஆப்பைப் போனிலேயே சேமித்து, அடுத்த முறை இணையம் இல்லாமலே திறந்து காட்டும். இரண்டாவது, சாரதி வயலில் நின்று பதிகிற கணக்கைப் போனுக்குள் வைத்திருக்கும். சிக்னல் வந்ததும் சேர்வருக்குப் போகும். கேட்க லேசாக இருக்கிறது. சிக்கல் எல்லாம் அந்த ‘சிக்னல் வந்ததும்’ என்பதில்தான். பதிவு சேர்வரைப் போய்ச் சேர்ந்து, ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் கவரேஜ் போனால், போன் அதை மறுபடி அனுப்பும். ஒரே வயலுக்கு இரண்டு பில் விழும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்கி, அதே எண் மீண்டும் வந்தால் சேர்வர் கண்டுகொள்ளாதபடி வைத்ததும் அது தீர்ந்தது. பின்னணியில் தானாக அனுப்பும் வசதி குரோம் வகை உலாவிகளில் மட்டும்தான் இருக்கிறது. ஐபோனில் ஆப்பைத் திறக்கும்போதுதான் அனுப்ப முடியும்.

கனடாத் தம்பியிடம் இருப்பதும் ஐபோன்தான். சஃபாரியைத் தொடர்ந்து பாவித்துக்கொண்டு, ஒரு தளத்தை மட்டும் 7 நாள் தொடாமல் விட்டால், அந்தத் தளம் போனில் சேமித்ததை அது அழித்துவிடும். 2020 இலிருந்து இதுதான் அங்கே விதி. ஹோம் ஸ்கிரீனில் ஆப்பாகப் போட்டுவிட்டால் அந்த விதி பொருந்தாது. அதை அவருக்கு வட்ஸ்அப்பில் விளங்கப்படுத்தப் பட்ட பாடு தனிக் கதை. இன்னொன்று, புதிய பதிப்பை ஏற்றினாலும், பழைய சர்வீஸ் வேர்க்கர் திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாம் மூடும் வரை இடத்தை விடாது. ஏக்கருக்கு இவ்வளவு என்ற விலையை ஆப்புக்குள் எழுதாமல் சேர்வரிலிருந்து எடுப்பது அதனால்தான். சிறுபோக அறுவடையில் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தோம். காலபோகத்தில் கொப்பி வண்டிக்குள் இருந்தது, ஆனால் திறக்கவில்லை.

தமிழுக்காகப் படித்ததும் இதே ஆப்பால்தான். அண்ணையின் பழைய வாடிக்கையாளர் பட்டியல், பல வருடத்துக்கு முன் ஒரு கொமினிகேஷன் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் சில பெயர்கள் தேடலில் வரவில்லை. காரணம், ‘கொ’ போன்ற எழுத்துகளில் உள்ள உயிர்க்குறி சில இடங்களில் ஒரே குறியாகவும் சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதிவாகியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘நோர்மலைஸ்’ ஒரு வரியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எழுத்தெண்ணிக்கையும் இப்படித்தான். ‘கிளிநொச்சி’யின் நீளத்தைக் கேட்டால் 10 என்கிறது; நாம் எண்ணினால் 5. 2024 இலிருந்து எல்லா முக்கிய உலாவிகளிலும் உள்ள ‘இன்டல் செக்மென்டர்’ சரியாக 5 என்று சொல்கிறது. வரிசைப்படுத்தும்போது சும்மா விட்டால் கனகபுரம் முதலிலும் கரடிப்போக்கு பிறகும் வரும், ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் ‘ன’ முன்னுக்கே இருக்கிறது. ‘இன்டல் கொலேட்டர்’ நமது நெடுங்கணக்குப்படி கரடிப்போக்கை முன்னால் வைக்கிறது. இவை எதையும் நான் வாங்கிய எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. தமிழில் தளம் செய்கிற எல்லோரும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை இவை.

புதிய சிஎஸ்எஸ் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுவது, உள்ளே இருப்பதைப் பார்த்து வெளிப்பெட்டிக்குத் தோற்றம் தரும் ‘ஹாஸ்’, இருக்கும் பெட்டியின் அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் கொன்டெய்னர் குவெரி மூன்றும் 2023 முடிவதற்குள் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துவிட்டன. முன்பு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் செய்ததில் நிறைய இப்போது தேவையில்லை. அப்டேட் செய்யாத பழைய அண்ட்ரொய்ட் போன்களுக்கு மட்டும் மாற்றுவழி வைக்க வேண்டும்.

டைப்ஸ்கிரிப்ட்டை இனி விட மாட்டேன். படிவத்தில் அடிக்கிற ஏக்கர் எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும்; 2 ஏக்கரையும் 1 ஏக்கரையும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் கூச்சமே இல்லாமல் 21 என்று தரும். ஏக்கர் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்பே குறித்து வைத்தால், டைப்ஸ்கிரிப்ட் அதை எழுதும்போதே பிடித்துவிடுகிறது.

பயம் தந்த விசயமும் உண்டு. 2025 செப்டம்பரில், பொதிகள் இறக்கும் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் கோடிக்கணக்கான முறை இறங்கும் சில பொதிகளுக்குள் திருட்டுக் கோட் புகுத்தப்பட்டது. அவற்றைப் பராமரித்தவரை ஒரு போலி மின்னஞ்சல் ஏமாற்றியிருந்தது. டிசம்பரில், ரியாக்ட்டில் சேர்வரில் ஓடும் பகுதியான ‘சர்வர் கம்போனென்ட்’டில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே வந்தது. ஆபத்து அளவில் 10 க்கு 10. கொழும்புக்குச் செய்து கொடுத்த தளத்தை அன்றிரவே அப்டேட் செய்தேன். மெஷின் ஆப்பில் தொட வேண்டியது எதுவும் இருக்கவில்லை, அதில் வெளிப்பொதியே மிகக் குறைவு.

ரியாக்ட்டையே கழுவி ஊற்றுவதாக நினைக்க வேண்டாம். சுருக்கிய பிறகும் 40 கிலோபைட்டுக்கு மேல் வரும் அதை அண்ணையின் ஆப்புக்குப் போட மாட்டேன், ஆனால் இந்த வருடம் வீட்டுக்கு வந்த காசில் பெரும்பங்கு ரியாக்ட் வேலைகளில்தான் வந்தது. ஸ்வெல்ட் எழுதச் சுகமாக இருந்தது, அதற்கு ஒரு வேலையும் வரவில்லை. மெஷின் ஆப்புக்கு அண்ணை தந்தது இரண்டு மூட்டை நெல்லும், டீசல் கணக்கையும் அதற்குள்ளேயே போடச் சொல்லி ஒரு புது ஓடரும்.